இடுப்பில் துப்பாக்கி இருந்தால் வாயில் மரியாதை வருமா?

போன இதழில் ஒரு வாசகர் சாலைச் சண்டைகளைப் பற்றிக் கேட்டிருந்தார். பதிலின் கடைசியில், கையில் துப்பாக்கி இருந்தால் மனிதன் சாந்தமாகிவிடுவான் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை இத்தனை கடிதங்கள். சூளகிரி, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி, அஞ்செட்டிப் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ வந்திருக்கின்றன, சிலர் கோபமாகவே எழுதியிருக்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கே முழு இடமும் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, என் சித்தப்பா மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே பால் வாங்க வருகிறவர் இடுப்பில்கூடத் துப்பாக்கி இருக்குமாம். ஆனால் ஒருத்தரும் ஒருத்தரை முறைப்பதில்லை, ஹாரன் அடிப்பதில்லை, ‘சார்’ போடாமல் பேசுவதில்லை என்கிறான். நான் தினமும் சூளகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு பைக்கில் போய் வருகிறேன். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் வசவு வாங்காமல் வீடு திரும்பிய நாளே கிடையாது. எதிராளியிடம் என்ன இருக்கிறதோ என்ற பயம் இருந்தால் நம் ஆட்களும் வாயை அடக்குவார்கள்தானே?
– சூளகிரி வாசகர்

பதில்: தம்பி, உங்கள் அலுப்பு எனக்கு நன்றாகவே புரிகிறது. அந்த ரோட்டில் நானும் வண்டி ஓட்டியவன்தான். ஆனால் நான் பார்த்த ஒரு சண்டையைச் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு நீங்களே யோசியுங்கள்.

காவேரிப்பட்டணத்தில், மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஜூன் மாதம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய ஒரு குட்டி யானை கூழ் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தது. குறுக்கே நாய் வந்ததில் டிரைவர் பிரேக் போட, பின்னால் வந்த புல்லட் போய் இடித்துவிட்டது. கயிறு தளர்ந்து நாலு கிரேடு ரோட்டில் சரிந்தது. புல்லட்காரருக்கு முழங்கையில் சிராய்ப்பு, டிரைவருக்குச் சரக்கு போயிற்றே என்ற பதற்றம். அப்புறம் கேட்க வேண்டுமா? “கண்ணு தெரியலையாடா”வில் ஆரம்பித்தது அம்மா, அக்கா வரைக்கும் போய், சட்டைக் காலரைப் பிடித்து, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி ராடை எடுத்துவிட்டார். நானும் கிட்டே போகத் தயங்கி நின்றேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றார். “ஏம்பா, மாங்காய மிதிக்காதீங்கப்பா. மொதல்ல பொறுக்குங்க, அப்புறம் அடிச்சிக்குங்க” என்றார். அவ்வளவுதான். யாரோ ஒருவர் குனிந்து ஒரு மாங்காயை எடுத்தார், இன்னொருவர் கிரேடை நிமிர்த்தினார், கொஞ்ச நேரத்தில் புல்லட்காரரே சிராய்த்த கையோடு கிரேடைத் தூக்கி மேலே கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஐந்நூறு ரூபாயில் விஷயம் முடிந்தது.

அந்த இரண்டு பேரில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் அந்தப் பெரியவர் நடுவில் வந்திருப்பாரா? வந்திருக்க மாட்டார், யாரும் வந்திருக்க மாட்டோம். கடைக்காரர் ஷட்டரை இறக்கியிருப்பார், நாங்கள் எல்லாம் ஓடியிருப்போம். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இதைத்தான். நம் ஊரில் நூறு சண்டை நடந்தால் தொண்ணூற்றைந்து கொலையில் முடியாமல் போவதற்குக் காரணம், சண்டை போடுகிறவர்களுடைய நல்ல குணம் இல்லை. விலக்கிவிட ஆள் வருகிறார், அதுதான் காரணம். “விடு மாமா, விடுண்ணா” என்று இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுக்க ஒரு மச்சான் இருக்கிறான். கைச்சண்டை என்றால் அவன் வருவான், தடி எடுத்தாலும் வருவான், அரிவாள் எடுத்தால்கூடத் துணிந்த ஒருவன் வருவான். துப்பாக்கி வந்தால் முதலில் காணாமல் போவது இந்த மூன்றாவது ஆள்தான். அப்புறம் அங்கே இருப்பது இரண்டு கோபக்காரர்கள் மட்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்களுக்கு ஆய்வுகள் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1967இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெர்கோவிட்ஸ், லெபேஜ் என்ற இரண்டு பேர் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாணவனுக்கு முதலில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்துச் சீண்டிவிடுவது, பிறகு திருப்பிக் கொடுக்க அவனுக்கு வாய்ப்புத் தருவது. மேசையில் பேட்மிண்டன் மட்டை கிடந்தபோது திருப்பிக் கொடுத்ததைவிடத் துப்பாக்கி கிடந்தபோது சீண்டப்பட்டவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள். சீண்டப்படாதவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பிற்பாடு இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது சில இடங்களில் இதே முடிவு வந்தது, சில இடங்களில் வரவில்லை, அதனால் இதை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன். ஆனால் 2006இல் ஹார்வர்டுக்காரர்கள் வெளியிட்ட இன்னொன்று நேராக உங்கள் கேள்வியைப் பற்றியது. கார் ஓட்டுகிற 2,400 பேரிடம் கேட்டார்கள். வண்டியில் துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொன்னவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாக, ஆபாசமாகக் கை காட்டியதையும், முன்னால் போகிற வண்டியைத் துரத்திக்கொண்டு போனதையும் ஒப்புக்கொண்டார்கள். துப்பாக்கி அவர்களை அப்படி மாற்றியதா, அல்லது அப்படிப்பட்டவர்கள்தான் துப்பாக்கி வாங்குகிறார்களா என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. எப்படி இருந்தாலும் உங்கள் சித்தப்பா மகன் சொல்கிற சாந்தம் அதில் தென்படவில்லை.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தென்பகுதி மாநிலங்களில் பெரியவர்களை சார், மேடம் என்று கூப்பிடச் சொல்லி அம்மாமார்கள் பிள்ளைகளை வளர்க்கிறார்கள், அது பழைய பழக்கம். டெக்சாஸில் 21 வயதானவர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்ற சட்டம் வந்தது 2021 செப்டம்பரில்தான். மரியாதை அதற்கு எவ்வளவோ காலம் முந்தியது.

அந்தக் காலத்து கௌபாய் ஊர்களை வைத்தும் சிலர் இதையே சொல்வார்கள். உண்மையில் அந்த ஊர்களில் பல, ஊருக்குள் நுழையும்போதே துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வா என்று சட்டம் போட்ட ஊர்கள். அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற ஊர் 1881இல் அப்படி ஒரு சட்டம் போட்டது. அதே வருடம் அக்டோபர் 26 அன்று அங்கே நடந்த, இன்றுவரை படங்களில் காட்டப்படுகிற துப்பாக்கிச் சண்டை, அந்தச் சட்டத்தை மீறியவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கப் போனதில்தான் மூண்டது. அதாவது துப்பாக்கியோடு வாழ்ந்து பார்த்தவர்களே, ஊர் நிம்மதியாக இருக்கவேண்டும் என்றால் அது வெளியில் இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் தைத்த விஷயம். 2023 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஓர் இருபது வயதுப் பெண், நண்பர்களோடு காரில் வந்து, வழி தவறி வேறொருவர் வீட்டு வாசலுக்குள் திரும்பிவிட்டாள். வீட்டுக்காரர் சுட்டதில் செத்துப்போனாள். அதே வாரம் கான்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வரப் போன பதினாறு வயதுப் பையன் வேறு வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டான், அவனையும் சுட்டார்கள், நல்லவேளை பிழைத்தான். நம் பக்கம் பென்னாகரத்திலோ மாரண்டஅள்ளியிலோ ராத்திரி பத்து மணிக்கு வேறு வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். “யாரு?” என்று அதட்டலாகத்தான் கேட்பார்கள். மரியாதை குறைவாகத்தான் இருக்கும். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்து வழி காட்டுவார்கள். எனக்கு இந்த ஊர் போதும் தம்பி.

கேள்வி: நான் 17 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன். துப்பாக்கி கையில் இருந்த காலத்தில்தான் நான் பொறுமை கற்றுக்கொண்டேன். நம்மிடம் இருப்பது உயிரை எடுக்கும் பொருள் என்று தெரிந்தவன் வாய்த்தகராறில் இறங்கவே மாட்டான். என்னோடு வேலை பார்த்த குடகு நண்பரின் ஊரில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி. அங்கே என்ன தினமும் கொலையா நடக்கிறது? அனுபவமில்லாமல் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.
– ஊத்தங்கரை வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்வது உண்மை, உங்களைப் பொறுத்தவரை முழு உண்மை. என் மாமா ஒருவரும் ராணுவத்தில் இருந்தவர், அதனால் ஒன்றிரண்டு விஷயம் எனக்கும் தெரியும். ராத்திரி உங்கள் துப்பாக்கி எங்கே தூங்கியது? கோத்தில், அதாவது ஆயுதங்களைப் பூட்டி வைக்கிற அறையில். கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். ரேஞ்சில் சுட்டுவிட்டு வந்தால் வெற்றுத் தோட்டாக் கூட்டைப் பொறுக்கிக் கணக்கு ஒப்படைக்காமல் ஒருவரும் நகர முடியாது என்று மாமா சொல்வார், ஒரு கூடு குறைந்ததற்காக அத்தனை பேரும் வெயிலில் புல்லுக்குள் தேடிய கதையை அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். குழலை ஆள் பக்கம் திருப்பினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு முதல் வாரத்திலேயே உறைக்கும்படி சொல்லித் தந்திருப்பார்கள். ஐயா, உங்களை நிதானமாக்கியது அந்தப் பயிற்சியும் மேலே கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்ததும்தான் என்று நான் நினைக்கிறேன். உலகத்திலேயே நன்றாகப் பழகிய கைகள் உங்களுடையவை, அவற்றிடமிருந்தே வேலை முடிந்ததும் துப்பாக்கியை வாங்கிப் பூட்டி வைக்கிறது ராணுவம். அதைப் பார்த்த பிறகு, பழகாதவர் கையில் ராத்திரியும் பகலும் அது இருக்கட்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்?

குடகைப் பற்றி நீங்கள் எழுதியதும் சரிதான். கொடவ இனத்தாருக்கும், ஜம்மா என்கிற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. கைல்போத் திருவிழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு வேட்டு என்று ஊருக்குச் சேதி சொல்வதே அதை வைத்துத்தான். ஆனால் பாருங்கள், அங்கே அது குடும்பத்தின் பொருள். தாத்தா வைத்திருந்தது, பூசை செய்வது, எப்போது எடுக்கலாம் எப்போது கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வளர்ப்பது. காலையில் பைக் சாவியோடு சேர்த்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிற பொருள் இல்லை. நம் சூளகிரித் தம்பி கேட்பது இந்த இரண்டாவது வகை. வீட்டில் பூட்டி வைத்திருப்பதையும் கூட்டத்துக்குள் எடுத்துக்கொண்டு திரிவதையும் ஒன்றாகப் பேசினால் நாம் இரண்டு பேரும் காலம் முழுக்க வாதாடிக்கொண்டே இருப்போம் ஐயா.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து லைசென்ஸோடு இரட்டைக் குழல் துப்பாக்கி இருக்கிறது. தேர்தல் அறிவித்தவுடன் ஸ்டேஷனில் கொண்டுவந்து வை என்கிறார்கள். ஒரு சின்னத் தகராறுகூட இல்லாத குடும்பம், எங்களை ஏன் சந்தேகப்பட வேண்டும்?
– போச்சம்பள்ளி வாசகர்

பதில்: உங்கள் குடும்பத்தைச் சந்தேகப்பட்டு இல்லை. தேர்தல் நேரத்தில் ஊர் சூடாக இருக்கும், அதனால் விலக்குப் பெற்றவர்கள் தவிர மற்றவர்களிடம் வாங்கி வைத்துவிட்டு, முடிந்ததும் திருப்பித் தருகிறார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்கு ஒரு பதிலும் இருக்கிறது. துப்பாக்கி இருந்தால் ஆட்கள் அடங்கிப் பேசுவார்கள் என்பது நிஜமாக இருந்தால், கட்சிக்காரர்கள் நேருக்கு நேர் முட்டிக்கொள்கிற அந்த ஒரு மாதத்துக்கு அரசாங்கம் இன்னும் நாலு துப்பாக்கி கொடுத்திருக்க வேண்டுமே?

இன்னும் இரண்டு விஷயம், உங்களுக்குப் பயன்படும். 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியதில், ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது, உரிமம் செல்லும் காலம் மூன்றிலிருந்து ஐந்து வருடமானது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று சந்தோஷத்தில் மேலே பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மச்சான் கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் காட்டை ஒட்டி இருக்கிறது. ராகி கதிர் பிடிக்கும்போது யானை வருகிறது, கடலைக்காட்டைப் பன்றி உழுதுவிடுகிறது. பாட்டன் காலத்திலிருந்து நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தோம். அதை ஒப்படைக்கச் சொல்லி ஊர் ஊராக வருகிறார்கள். டவுனில் உட்கார்ந்து எழுதுகிற உங்களுக்கு எங்கள் கஷ்டம் தெரியுமா?
– அஞ்செட்டிப் பக்கத்து விவசாயி

பதில்: நான் பார்த்தது கொஞ்சம்தான் அண்ணா. தேன்கனிக்கோட்டைப் பக்கம் உறவினர் வீட்டில் ஒரு ராத்திரி பரண்மேல் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். பனி. தகர டப்பா தட்டித் தட்டிக் கை மரத்துப்போயிற்று. விடியற்காலை லேசாகக் கண் அசந்த அரை மணி நேரத்தில் பன்றிக் கூட்டம் வந்து கடலைக்காட்டின் ஒரு மூலையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. வீட்டு அக்கா அந்தப் புரட்டிய மண்ணில் உட்கார்ந்து மிச்சக் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் உங்கள் கோபத்தைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. யானைகள் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் கூட்டம் கூட்டமாக வருவது வருடா வருடம் நடப்பது, அதற்கான இழப்பீடு உரிய நேரத்தில் கைக்கு வந்தால் பாதித் துப்பாக்கி தானாகவே வெளியே வந்துவிடும் என்பதுதான் என் எண்ணம். அதிகாரிகள் இதைப் படித்தால் நல்லது.

ஆனாலும் துப்பாக்கியை ஒப்படைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். முதல் காரணம் சட்டம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு வருடம், அதிகம் ஐந்து வருடம் சிறை. தாங்களாகக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று அவ்வப்போது அறிவிக்கிறார்கள், அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் மூலமாகக் கொடுங்கள். பன்றிக்கு 2025இல் தமிழக அரசு ஒரு வழி செய்தது, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கிற பன்றியை வனத்துறையினரே சுடலாம் என்று. காட்டை ஒட்டியிருக்கிற உங்களுக்கு இது நேராக உதவாது என்பது தெரியும். தள்ளி நிலம் வைத்திருக்கிற சொந்தக்காரர்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். அந்தத் துப்பாக்கி கூரையில் செருகியிருப்பது பன்றிக்காக என்று உங்களுக்குத் தெரியும். கரிமருந்து கிட்டித்து, பால்ரஸ் குண்டு போட்டு, மழை ஈரம் படாமல் துணி சுற்றி வைத்திருப்பீர்கள். வருடத்தில் முந்நூறு நாள் அது சும்மா கிடக்கும். ஒரு நாள் வரப்புத் தகராறு வரும். பங்காளி ஒரு சாண் உள்ளே தள்ளி ஓட்டிவிட்டான் என்று வாய்ச்சண்டை முற்றி, ராத்திரி ஒரு குவார்ட்டரும் உள்ளே போன பிறகு, வீட்டுப் பையன் மேலே நிமிர்ந்து கூரையைப் பார்ப்பான். பன்றிக்கு வைத்தது என்று அப்போது அவனுக்கு ஞாபகம் வராது. இருட்டில் புதர் அசைகிறது என்று சுட்டு, கூட வந்த ஆள் மேலேயே குண்டு பாய்ந்த கதைகளும் நம் பக்கம் இல்லாமல் இல்லை, உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கேள்வி: வீரப்பன் இருந்த காலத்தில் காட்டோர ஊர்களில் திருட்டு இல்லை, சண்டை இல்லை, ஆட்கள் அடக்க ஒடுக்கமாக இருந்தார்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது துப்பாக்கி கொண்டுவந்த ஒழுங்குதானே?
– தர்மபுரி கல்லூரி மாணவர்

பதில்: அந்தப் பெரியவர்களிடம் கொஞ்சம் நேரம் கூட உட்கார்ந்து, இன்னொரு கேள்வியும் கேளுங்கள். அந்தக் காலத்தில் நீங்கள் யாரிடம் வாய்விட்டுப் பேசினீர்கள் என்று. அன்றைக்கு நான் சின்னப் பையன், பென்னாகரம் பஸ்ஸில் போவோம். செக்போஸ்டில் பஸ் நின்றதும் அதுவரைக்கும் கலகலவென்று இருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிடும். கைக்குழந்தையைக்கூட அம்மா நெஞ்சோடு அணைத்துச் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வார். அவனுக்குச் சோறு போட்டாயா என்று போலீஸ் கேட்கும், போலீசுக்குத் துப்புச் சொன்னாயா என்று அவன் கேட்பான். இரண்டு பக்கமும் துப்பாக்கி, நடுவில் வெறுங்கையோடு ஊர். அந்த ஊர் பேசாமல் இருந்ததை ஒழுங்கு என்று எப்படித் தம்பி சொல்வது? 2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுடப்பட்ட சேதி பரவியபோதும் பல பேர் வாய் திறக்கவில்லை. பழக்கமாகிவிட்டது.

வாச்சாத்தியை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. அரூருக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் போனார்கள். ஆயுதமும் சீருடையும் அதிகாரமும் எல்லாம் அவர்களிடம்தான் இருந்தன. எதிரே நின்றவர்களிடம் ஒன்றுமே இல்லை. துப்பாக்கி சாந்தத்தைக் கொடுக்கும் என்றால் அன்றைக்கு அங்கே கொடுத்திருக்க வேண்டும். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், ஊரை அடித்து நொறுக்கினார்கள், கிணற்றைக்கூட விடவில்லை. 269 பேர் மேல் வழக்கு. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்தே போயிருந்தார்கள், மிச்சம் இருந்த 215 பேருக்குத் தண்டனை. 2023இல் அதே செப்டம்பர் 29ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருடம் அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள். சாட்சிக் கூண்டில் நின்று, இவர்தான் என்று கை காட்டினார்கள். அவர்களிடம் துப்பாக்கி இல்லை தம்பி.

பயத்தில் குனிவதையும் மரியாதையையும் நீங்கள் பிரித்துப் பாருங்கள், இந்த வயதிலேயே. நம் தாத்தாக்களில் எத்தனையோ பேர் சில தெருக்களுக்குள் போகும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ரொம்பப் பணிவாகத் தெரிந்திருக்கும். ஜப்பானில் சாமுராய்கள் வாள் வைத்திருந்ததால்தான் ஜனங்கள் அவ்வளவு மரியாதையாகப் பழகினார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. மரியாதை குறைவாக நடந்துகொண்ட சாதாரண ஆளை வெட்டிப்போடவே சாமுராய்க்கு உரிமை இருந்தது. 1876இல் வாளோடு வெளியில் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். இன்றைக்குத் துப்பாக்கி வைத்திருப்பதற்கு உலகத்திலேயே மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள நாடுகளில் ஜப்பானும் ஒன்று. குனிந்து வணக்கம் சொல்வதை அவர்கள் விட்டுவிடவில்லையே.

கேள்வி: ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தனியாக வீட்டுக்குப் போகிறேன். பெண்களுக்காவது துப்பாக்கி உரிமம் சுலபமாகக் கொடுக்கலாமே?
– ஓசூர் வாசகி

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2014இல் கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை பெண்களுக்கென்றே ‘நிர்பீக்’ என்று ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்தது. விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஷிஃப்ட் வேலைக்குப் போகிற எந்தப் பெண் வாங்க முடியும்? வாங்கினாலும் பின்னாலிருந்து வருகிறவனுக்கு எதிராகப் பைக்குள் கை விட்டு எடுக்க நேரம் வேண்டும். வீட்டில் வைத்தால் அது வீட்டில் இருக்கிற எல்லோர் கைக்கும் எட்டும், குடித்துவிட்டு வருகிற புருஷன் கைக்கும் எட்டும். அமெரிக்காவில் வருடா வருடம் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறவர்கள், அதையும் யோசிக்க வேண்டும். உங்கள் கம்பெனி ராத்திரியில் வாசல் வரைக்கும் வண்டி அனுப்ப வேண்டும், கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து எழுதிக் கேளுங்கள். 181ஐ போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

கேள்வி: என் ஆறு வயதுப் பையன் தீபாவளித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களை எல்லாம் சுடுகிறான். பாட்டியைக்கூட விடவில்லை. பிற்காலத்தில் முரடனாகிவிடுவானோ என்று கவலையாக இருக்கிறது.
– பாலக்கோடு, ஓர் அம்மா

பதில்: கவலைப்படாதீர்கள். பாட்டி செத்தது மாதிரி நடித்தால் அவன் சிரிப்பான், நடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போய் மடியில் உட்கார்ந்துகொள்வான், அவ்வளவுதான். ரோல் கேப்பைச் சட்டைப் பையில் வைக்க விடாதீர்கள், வெயிலில் உரசிப் பற்றிக்கொள்ளும். காதுக்குப் பக்கத்தில் வெடிக்க வேண்டாம், முகத்துக்கு நேராக நீட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். நாலாவது தடவை சொல்லும்போது கேட்பான்.